கனடா: படிப்பு முடிந்தபின் செய்யும் வேலையில் எவ்வளவு பிஆருக்கு (நிரந்தர வசிப்புரிமைக்கு) கணக்காகும்?

நொய்யல்கரை கேட்டது:

வணக்கம். தங்கைக்காகக் கேட்கிறேன். கோவையில் பி.காம். முடித்து ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் 2 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தாள். பிறகு ஒன்டாரியோவில் 2 வருட கல்லூரி டிப்ளமா, கடந்த ஏப்ரலில் முடிந்தது. படிக்கும்போது 4 மாதம் சம்பளத்துடன் கோ-ஆப் (படிப்பின் பகுதியான வேலைப் பயிற்சி). மே மாதம் படிப்பு முடிந்த கடிதம் வந்ததும் பிஜிடபிள்யூபி-க்கு (படிப்பு முடித்தவர்களுக்கான வேலை பெர்மிட்) விண்ணப்பித்துவிட்டு, ஒரு துணிக்கடையில் சேல்ஸ் அசோசியேட்டாக முழுநேரம் சேர்ந்தாள். ஆகஸ்டில் பெர்மிட் வந்தது, 3 வருடத்துக்கு. அக்டோபர் 6 முதல் அதே கடையில் சூப்பர்வைசர்.

வாரம் 37.5 மணி நேரம். ஜனவரி, பிப்ரவரியில் மட்டும் 8 வாரம் 26 மணியாகக் குறைத்துவிட்டார்கள். வார இறுதியில் ஒரு சின்ன அக்கவுண்டிங் அலுவலகத்துக்கு 12 மணி நேரம் புக்கீப்பிங் செய்கிறாள், இன்வாய்ஸ் கொடுத்துப் பணம் வாங்குகிறாள். வயது 27, திருமணமாகவில்லை. ஐஇஎல்டிஎஸ் ஜெனரலில் கேட்டல் 8, வாசிப்பு 7.5, எழுத்து 7, பேச்சு 7.

சிஇசி-க்கு (கனடிய வேலை அனுபவத்தை வைத்து பிஆர் தரும் பிரிவு) இதில் எந்தெந்த வேலை சேரும்? மே மாதத்திலிருந்தே ஒரு வருடம் எண்ணலாமா? கோவை அனுபவத்தால் பயன் உண்டா? ஜூனில் 6 வாரம் ஊருக்கு வந்து, அங்கிருந்தே லேப்டாப்பில் புக்கீப்பிங் செய்தால் அது கணக்கில் வருமா?

---

கணக்குப்பிள்ளை பதில்:

மே மாதத்திலிருந்து எண்ண முடியாது. அக்டோபர் 6-லிருந்துதான் கணக்கு ஓடுகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிஇசி கேட்பது, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 3 வருடத்துக்குள் கனடாவில், அனுமதியோடு, சம்பளத்துக்குச் செய்த ஒரு வருடத் திறன்சார் வேலை. ஒரு வருடம் என்றால் 1,560 மணி நேரம், அதாவது வாரம் 30 மணி வீதம் 52 வாரம். இடைவெளி விழுந்தாலும் பரவாயில்லை, வேறு வேறு முதலாளிகளிடம் செய்ததையும் கூட்டலாம். ஆனால் ஒரு வாரத்தில் 30 மணிக்கு மேல் செய்தது எதுவும் சேராது. பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான். 37.5 மணி வேலை செய்கிறோம், 42 வாரத்தில் 1,560 வந்துவிடும் என்று கால்குலேட்டரில் போட்டு அவசரப்பட்டு விண்ணப்பித்து நிராகரிப்பு வாங்குகிறார்கள். ஓவர்டைம் செய்து நாட்களைச் சுருக்க வழியே இல்லை.

திறன்சார் வேலை என்பது என்ஓசி 2021 என்ற கனடிய அரசின் தொழில் பட்டியலில் டீயர் (திறன் நிலை) 0, 1, 2, 3. எந்த டீயர் என்று அறிய, ஐந்து இலக்கக் குறியீட்டின் இரண்டாவது இலக்கத்தைப் பார்த்தால் போதும். சேல்ஸ் அசோசியேட் 64100: இரண்டாவது இலக்கம் 4, எனவே சேராது. ரீடெய்ல் சேல்ஸ் சூப்பர்வைசர் 62010: டீயர் 2, சேரும். கேஷியர் 65100, செக்யூரிட்டி கார்டு 64410, கிடங்கில் சரக்கு கையாள்பவர் 75101, கஸ்டமர் சர்வீஸ் 64409 இவையெல்லாம் வெளியே. சமையல்காரர் 63200, அட்மினிஸ்ட்ரேட்டிவ் அசிஸ்டென்ட் 13110, லாரி ஓட்டுநர் 73300 மூன்றும் டீயர் 3, உள்ளே. சம்பளம் கூடவா குறைவா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

மே முதல் ஆகஸ்ட் வரை பெர்மிட் கையில் இல்லாமல் செய்த வேலை சட்டப்படி சரியானதுதான். ஸ்டடி பெர்மிட் காலாவதியாகும் முன்பே பிஜிடபிள்யூபி-க்கு விண்ணப்பித்து, படிப்பை முடித்து, படிக்கும்போது வெளியே வேலை செய்யும் தகுதியும் இருந்திருந்தால் முடிவு வரும்வரை முழுநேரம் வேலை செய்யலாம். அந்த மாதங்களில் அவள் சூப்பர்வைசராக இருந்திருந்தால் அவையும் சேர்ந்திருக்கும். சேல்ஸ் அசோசியேட் என்பதால்தான் விழுகின்றன. எப்படியும் விண்ணப்பம் சமர்ப்பித்த தேதியிட்ட ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். அந்த மாதங்களில் முழுநேரம் வேலை செய்ய அனுமதி இருந்தது என்று பின்னாளில் காட்ட அது வேண்டும்.

கோ-ஆப் சேராது. முழுநேர மாணவராக இருந்த காலத்தில் செய்த எந்த வேலையையும் சிஇசி ஏற்பதில்லை, சம்பளம் வாங்கியிருந்தாலும் சரி, படிப்பின் பகுதியாக இருந்தாலும் சரி. இதையொட்டி இன்னொன்று: பிஜிடபிள்யூபி-யில் இருக்கும்போது முழுநேரப் படிப்பு ஒன்றில் சேர்ந்தால் அந்த வாரங்களும் இதே விதியில் போய்விடும். பகுதிநேரப் படிப்பு என்றால் பிரச்சினை இல்லை.

இன்வாய்ஸ் கொடுத்துச் செய்யும் புக்கீப்பிங் சுயதொழில், அதுவும் சிஇசி-க்குச் சேராது. பேப்பரில் காண்ட்ராக்டர் என்று எழுதியிருக்கிறதா என்பதோடு அதிகாரி நிற்பதில்லை. வேலை நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள், கருவிகள் யாருடையவை, லாப நஷ்டம் யாருக்கு என்றும் பார்ப்பார்கள். ஆனாலும் வரிப்பிடித்தம் இல்லை, டி4 (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளப் படிவம்) இல்லை என்றால் ஊழியர் என்று நிரூபிப்பது கடினம். அந்த அலுவலகத்தாரிடம் பேசி பேரோலில் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் புக்கீப்பர் 12200, டீயர் 2. கடையில் நேரம் 26-ஆகக் குறையும் வாரங்களில் மீதி 4 மணியை அங்கிருந்து நிரப்பலாம். பிஜிடபிள்யூபி ஓப்பன் பெர்மிட் என்பதால் இரண்டு இடத்தில் வேலை செய்யத் தடையில்லை. கழிந்த ஜனவரி, பிப்ரவரிக்கு இது உதவாது.

ஊரிலிருந்து செய்யும் வேலை கனடிய அனுபவம் ஆகாது. முதலாளி கனடாவில் இருந்தாலும் வேலை செய்பவர் கனடா மண்ணில் இருக்க வேண்டும். சம்பளத்துடன் கூடிய விடுப்பு நியாயமான அளவு, வருடத்துக்கு 2 வாரம் போல, ஏற்றுக்கொள்ளப்படும். ஆக 6 வாரத்தில் 4 வாரம் போகும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 8 வாரம் 26 மணி என்றால் 208. மீதி 1,352-ஐ 30 மணி வீதம் முடிக்க 45 வாரத்துக்குச் சற்று மேல். மொத்தம் 54 வாரம், ஊர்ப்பயணத்தின் 4 வாரம் சேர்த்தால் 58. அக்டோபர் 6-லிருந்து எண்ணினால் அடுத்த நவம்பர் நடுவில் வரும். பயணத்தை 2 வாரமாகச் சுருக்கினால் அக்டோபர் மூன்றாம் வாரத்திலேயே முடிந்துவிடும்.

---

பனிமழை பதில்:

மேலே சொன்ன மணிக்கணக்கோடு இதையும் சேர்த்துப் படியுங்கள், இல்லையென்றால் சிஸ்டமே ஏமாற்றிவிடும்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி (பிஆர் கேட்பவர்களைப் புள்ளி வைத்து வரிசைப்படுத்தும் ஆன்லைன் முறை) புரொஃபைலில் வேலையின் முடிவுத் தேதியைக் காலியாக விட்டால், மாதங்கள் ஓட ஓட அனுபவப் புள்ளி தானாக ஏறும். இடையில் 26 மணியாகக் குறைந்த வாரங்களும் ஊரில் கழித்த வாரங்களும் அதற்குத் தெரியாது. அக்டோபர் வந்ததும் ஒரு வருடம் ஆயிற்று என்று 40 புள்ளி போட்டுவிடும். அந்த நேரத்தில் சுற்று (அதிகப் புள்ளி உள்ளவர்களை அழைப்பது) நடந்தால் ஐடிஏ-வும் (விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு) வரும். 1,560 நிரம்பாமல் அதை ஏற்று விண்ணப்பித்தால் அதிகாரி பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டு) வைத்து எண்ணி நிராகரிப்பார். நேரம் மாறிய இடங்களில் வேலையைத் தனித்தனிப் பதிவாகப் பிரித்து, அந்தந்த மணி நேரத்தோடு போடுங்கள். ஐடிஏ முந்திக்கொண்டு வந்துவிட்டால் மறுத்துவிடலாம். மறுத்தால் புரொஃபைல் மீண்டும் பூலுக்கு (அழைப்புக்குக் காத்திருப்போர் பட்டியல்) திரும்பும்.

கோவை அனுபவத்துக்கு நிச்சயம் பயன் உண்டு, ஆனால் அது எந்தக் குறியீட்டில் விழுகிறது என்பது முக்கியம். பில் போடுவது, இன்வாய்ஸ் பதிவது, கொடுக்க வேண்டியது வரவேண்டியது பார்ப்பது மட்டும் என்றால் 14200, டீயர் 4, பயன் பூஜ்யம். டேலியில் ஜர்னல் பதிவு, வங்கிக் கணக்கு ஒத்துப்பார்த்தல், டிரையல் பேலன்ஸ், ஜிஎஸ்டி ரிட்டர்ன் வரை அவளே செய்திருந்தால் 12200. இது இரண்டாவது என்று வைத்துக்கொண்டு, பி.காமுக்கு ஈசிஏ (வெளிநாட்டுப் படிப்பின் கனடிய மதிப்பீடு) வாங்கி அது 3 வருடப் பட்டமாக மதிப்பிடப்பட்டதாகவும் கொண்டு கணக்கிடுகிறேன்.

அவளுடைய ஐஇஎல்டிஎஸ் நான்கிலும் சிஎல்பி (கனடிய மொழித் தர அளவுகோல்) 9. வயதுக்கு 110, படிப்புக்கு 128, ஆங்கிலத்துக்கு 124, கனடாவில் 2 வருட டிப்ளமாவுக்கு 15. திறன் பரிமாற்றம் என்ற பிரிவில் படிப்பும் மொழியும் சேர்ந்து 50, வெளிநாட்டு அனுபவமும் மொழியும் சேர்ந்து 25. இன்றைய நிலையில் மொத்தம் 452.

ஒரு வருட கனடிய அனுபவம் முடிந்ததும் நேரடியாக 40 சேரும். அதோடு வெளிநாட்டு அனுபவமும் கனடிய அனுபவமும் சேரும் கட்டத்தில் 13. மொத்தம் 505. இரண்டாம் வருடம் முடிந்தால் 40 என்பது 53 ஆகும், 13 என்பது 25 ஆகும், மொத்தம் 530. படிப்பும் கனடிய அனுபவமும் சேரும் கட்டத்தில் எந்தப் புள்ளியும் ஏறாது. படிப்புப் பிரிவின் உச்சவரம்பு 50-ஐ சிஎல்பி 9 ஏற்கெனவே எடுத்துவிட்டது. ஆன்லைனில் தாங்களே கூட்டிப் பார்ப்பவர்கள் இந்த வரம்பை மறந்துவிட்டு 30, 40 புள்ளி அதிகமாக எதிர்பார்க்கிறார்கள்.

2025-ல் சிஇசி சுற்றுகளின் கட் ஆஃப் 515-க்கும் 550-க்கும் இடையே ஆடியது. அதை வைத்துப் பார்த்தால் 505 போதாது, 530 வரம்புக்குள் இருக்கிறது. அதனால் என் கருத்து, முதல் வருடம் முடியும் வரை வேலையை மட்டும் நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. நான்கிலும் சிஎல்பி 10 எடுத்தால் 12 கூடும். அதற்குக் கேட்டல் 8.5, வாசிப்பு 8, எழுத்து 7.5, பேச்சு 7.5 வேண்டும். பிரெஞ்சில் நான்கிலும் நிலை 7 எடுத்தால் இரண்டாம் மொழிக்கு 12, கூடுதலாக 50, ஆக 62 புள்ளி. பிரெஞ்சு மொழி தெரிந்தவர்களுக்கான தனிச் சுற்றுகளின் கட் ஆஃபும் மிகக் கீழே இருக்கும். ஒரு வருடம் மாலை வகுப்பில் உட்கார முடியுமானால் இரண்டாம் வருட அனுபவம் தருவதைவிட இது இரு மடங்குக்கும் மேல்.

இன்னொரு எச்சரிக்கை. எல்எம்ஐஏ (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி வாங்கும் அனுமதி) வாங்கித் தருகிறேன், 50 புள்ளி வரும் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான புள்ளியை 2025 மார்ச் 25 முதல் அடியோடு எடுத்துவிட்டார்கள். இல்லாத புள்ளியை இன்னமும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள், படித்த பிள்ளைகள் கடன் வாங்கிக் கொடுக்கிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

---

ஸ்காபரோ_வாசி பதில்:

தம்பி, மணித்தியாலக் கணக்கும் புள்ளியும் சரியாச் சொல்லிப்போட்டினம். நான் கடிதத்தைப் பற்றி மட்டும் எழுதுறன், ஏனெண்டால் கன பேரின்ர விண்ணப்பம் அங்கதான் விழுகுது.

சூப்பர்வைசர் எண்ட பட்டம் காணாது. அந்த என்ஓசி பக்கத்தில மேல இருக்கிற விளக்கத்துக்கு வேலை பொருந்தோணும், கீழ இருக்கிற கடமைகளில கணிசமானதைச் செய்திருக்கோணும். 62010-க்கு எண்டால்: ஆக்களுக்கு வேலை பிரிச்சுக் குடுக்கிறது, ஷெட்யூல் போடுறது, திருப்பிக் கொண்டுவாற சாமானுக்கு ஒப்புதல் குடுக்கிறது, வாடிக்கையாளர் முறைப்பாடு தீர்க்கிறது, ஸ்டாக் பார்த்து ஓடர் பண்ணுறது, விற்பனை ரிப்போட் எழுதுறது, புது ஆக்களுக்குப் பழக்கிறது. பெயர் மட்டும் சூப்பர்வைசர், நாள் முழுக்க உடுப்பு மடிக்கிறதும் காசு எடுக்கிறதும் எண்டால் அதிகாரி அதை 64100 எண்டுதான் பார்ப்பார். அதால உங்கட தங்கச்சி இப்பவே கடையில ஷெட்யூல் போடுற பொறுப்பைக் கேட்டு எடுக்கிறது நல்லம்.

கடிதம் கடையின்ர லெட்டர்ஹெட்டில, விலாசம், தொலைபேசி, ஈமெயிலோட இருக்கோணும். அவவின்ர பெயர், ஒவ்வொரு பதவியும் எந்தத் திகதியிலயிருந்து எந்தத் திகதி வரை, கிழமைக்கு எத்தின மணித்தியாலம், வருடச் சம்பளமும் சலுகைகளும், கடமைகள், கையெழுத்து வைக்கிற மேலாளரின்ர பெயரும் பதவியும். சேல்ஸ் அசோசியேட் காலமும் சூப்பர்வைசர் காலமும் தனித்தனியா வரோணும். இரண்டையும் ஒண்டாச் சேர்த்து மே மாதத்திலயிருந்து சூப்பர்வைசர் எண்டு எழுதித் தரச் சொல்லிக் கேக்கவே வேண்டாம். பே ஸ்டப்பில அக்டோபரிலதான் சம்பளம் ஏறியிருக்கும், அது பிடிபடும். பொய்த்தகவல் எண்டு முடிவெடுத்தால் 5 வருடத் தடை, அந்த 5 வருடமும் பிஆர் விண்ணப்பம் போடேலாது.

என்ஓசி பக்கத்தில இருக்கிற வசனங்களை அப்படியே வெட்டி ஒட்டுறதும் பிழை. எல்லாரின்ர கடிதமும் ஒரே மாதிரி இருந்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும், கடைக்கு ஃபோன் எடுத்துக் கேப்பினம். அந்தக் கடையில உண்மையில நடக்கிற வேலையை எழுதட்டும்: எத்தின பேரைப் பார்க்கிறா, எந்தப் பிரிவு, எந்த மென்பொருளில ஷெட்யூல் போடுறா எண்டு.

---

நொய்யல்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பயணத்தை 2 வாரமாகக் குறைக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு சந்தேகம். கடையின் தலைமை அலுவலகம் எல்லோருக்கும் ஒரே அச்சில் பதவி, தேதி மட்டும் உள்ள கடிதம்தான் கொடுக்குமாம், கடமைகளை எழுத மாட்டார்களாம். அடுத்தது, கோவை அனுபவத்தை வைத்து எஃப்எஸ்டபிள்யூ-வில் (வெளிநாட்டு அனுபவத்தையும் ஏற்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி பிரிவு) இப்போதே புரொஃபைல் போடலாமா?

---

ஸ்காபரோ_வாசி பதில்:

பெரிய கடைகளில இது வழமை. அவை தாற கடிதத்தை வாங்குங்கோ. அதோட நேரடி மேலாளரிட்ட கடமைகளை விவரிச்சுச் சத்தியக்கடதாசி ஒண்டு, அவர் மாட்டன் எண்டால் கூட வேலை செய்யிற ஒருவரிட்ட. பதவி உயர்வு குடுத்த கடிதம் அல்லது ஈமெயில், வேலை ஒப்பந்தம், பே ஸ்டப் முழுக்க, டி4, வரி மதிப்பீட்டு நோட்டீஸ், அவ போட்ட ஷெட்யூலின்ர படங்கள் எல்லாத்தையும் சேருங்கோ. தலைமை அலுவலகம் கடமை எழுத மறுத்த ஈமெயிலையும் வைச்சு, ஏன் முழுக் கடிதம் இல்லை எண்டு ஒரு பக்க விளக்கம் எழுதோணும். அந்த மறுப்பு எழுத்தில இருக்கிறது முக்கியம். வாயால கேட்டு வாயால மறுத்தால் கையில ஒண்டும் இருக்காது. வேலையை விட்ட பிறகு இவற்றைச் சேர்க்கிறது கஷ்டம், ஷெட்யூல் ஆப்பில லொகின் அண்டைக்கே போயிடும். மாதா மாதம் எடுத்து வைக்கச் சொல்லுங்கோ.

---

பனிமழை பதில்:

எஃப்எஸ்டபிள்யூ-வில் போடலாம். அதற்கு வேண்டியது கடந்த 10 வருடத்துக்குள் ஒரே தொழிலில் இடைவெளியில்லாத ஒரு வருடம், சிஎல்பி 7, தனியான 100 புள்ளிப் பட்டியலில் 67. அவளுக்கு வயது 12, படிப்பு 22, மொழி 24, இரண்டு வருட அனுபவத்துக்கு 11, கனடாவில் 2 வருடம் படித்ததற்கு 5, மொத்தம் 74. தேறிவிட்டாள். ஆனால் சிஇசி கேட்காத ஒன்றை எஃப்எஸ்டபிள்யூ கேட்கும், குடியேற்றப் பணம் கையிருப்பில் இருப்பதற்கான வங்கிச் சான்று. தகுதியான வேலை வாய்ப்புக் கடிதத்தோடு வேலையில் இருந்தால்தான் அதிலிருந்து விலக்கு.

இதனால் உடனே ஐடிஏ வந்துவிடாது. சிஇசி-க்கென்று நடக்கும் சுற்றில் எஃப்எஸ்டபிள்யூ தகுதி மட்டும் உள்ளவர்களை அழைக்க மாட்டார்கள். இப்போதே பூலில் இருப்பதன் பயன், மாகாண நியமனம் (ஒரு மாகாணமே பிஆருக்குப் பரிந்துரைப்பது) பார்ப்பவர்களின் கண்ணில் படலாம் என்பது. நியமனம் கிடைத்தால் 600 புள்ளி.

---

கணக்குப்பிள்ளை பதில்:

தேதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிஜிடபிள்யூபி வாழ்நாளில் ஒருமுறைதான், புதுப்பிக்க முடியாது. பாஸ்போர்ட் முன்னதாகக் காலாவதியாவதாக இருந்ததால் பெர்மிட்டைக் குறுக்கிக் கொடுத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் புது பாஸ்போர்ட் எடுத்து மீதிக் காலத்தைக் கேட்டு வாங்கலாம்.

1,560 நிரம்பிய பிறகு வேலை போனாலும் சிஇசி தகுதி போகாது, 3 வருட ஜன்னலுக்குள் இருக்கும்வரை. ஐடிஏ வந்ததும் 60 நாளில் விண்ணப்பம் போக வேண்டும், அந்த நாளில் ஐஇஎல்டிஎஸ் முடிவு 2 வருடத்தைத் தாண்டியிருக்கக் கூடாது, ஈசிஏ 5 வருடத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை இரண்டும் இந்த 60 நாளைத் தின்றுவிடும் என்பதால் முன்பே தொடங்கினால் நல்லது. விண்ணப்பம் முழுமைச் சோதனையைத் தாண்டி ரசீது வந்த பிறகு, பிஜிடபிள்யூபி காலாவதியாகும் முன் பிரிட்ஜிங் ஓப்பன் பெர்மிட்டுக்கு (பிஆர் முடிவு வரும்வரை வேலை செய்ய விடும் இடைக்கால பெர்மிட்) விண்ணப்பித்தால் வேலை இடையில் நிற்காது. ஐடிஏ மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்க முடியாது. அதனால் பெர்மிட் முடிவதற்கு ஒரு வருடம் முன்பே 1,560 மணி, மொழித் தேர்வு, ஈசிஏ மூன்றும் தயாராக இருக்கும்படி திட்டமிடுவதே பாதுகாப்பு.

இந்தத் திரியைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உங்கள் வேலை டீயர் 4 அல்லது 5 ஆக இருந்தால் எத்தனை வருடம் செய்தாலும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அது எண்ணப்படாது. வேறு கதவுகள் உண்டு. நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூஃபவுண்ட்லாண்ட் இந்த நான்கில் ஒன்றில் 2 வருடப் படிப்பை முடித்து, பட்டம் வாங்குமுன் கடைசி 2 வருடத்தில் 16 மாதமாவது அட்லாண்டிக் மாகாணத்தில் வசித்திருந்தால், அட்லாண்டிக் திட்டத்தில் முன்னனுபவமே தேவையில்லை. அங்கீகாரம் பெற்ற முதலாளியின் வேலைக் கடிதம் வேண்டும், டீயர் 4 வேலையும் செல்லும், அது நிரந்தர வேலையாக இருந்தால். ஒன்டாரியோவில் சட்பரி, தண்டர் பே, நார்த் பே, டிம்மின்ஸ், சூ செயின்ட் மரி ஆகிய ஊர்கள் 2025-ல் தொடங்கிய கிராமப்புற முன்னோடித் திட்டத்தில் இருக்கின்றன. அங்கேயே படித்தவர்களுக்கு அதிலும் அனுபவ விலக்கு உண்டு. டொரன்டோவில் கேஷியராக மூன்று வருடத்தைக் கரைப்பதற்குப் பதில், பெர்மிட்டில் இரண்டு வருடமாவது மிச்சம் இருக்கும்போதே சூப்பர்வைசர் பதவிக்கோ இந்த ஊர்களுக்கோ மாறுவதை யோசியுங்கள்.